ஹாம்பர்க்கிலிருந்து வந்தவள்

செப்டம்பர் 12, செவ்வாய்

அண்ணன் ஃபோன் செய்தார். ஹாம்பர்க்கிலிருந்து கியுசிக்கின் மகள் வருகிறாளாம். இங்கே கொரியாவில், நம் தேகுவிலேயே வேலையாம். சுற்றிப் பார்க்க இல்லை, குடியேறவே வருகிறாளாம்.

"அவளுக்கு வீடு கிடைக்கிற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும். எங்க வீட்டுல இடம் ஏது?"

நான்கு படுக்கையறை அபார்ட்மென்டில் இடமில்லை. தொடுகறிக் கடைக்குப் பின்னால் பொந்து மாதிரி இரண்டு அறையில் இருக்கிறேனே, எனக்கு இடமிருக்கிறது!

கியுசிக் என் தம்பி. ஜெர்மன்காரியைக் கட்டிக்கொண்டு போனவன். அம்மா செத்ததற்குக்கூட வராதவன். அவன் பெற்றதற்கு நான் சோறு போடவேண்டும்.

செப்டம்பர் 15, வெள்ளி

வந்து இறங்கிவிட்டாள். பெயர் நாரே. இரண்டு பெட்டி, ஒரு சைக்கிள். ஆகாயத்தில் சைக்கிளைச் சுமந்துகொண்டு வரும் புத்திசாலியை இன்றுதான் பார்க்கிறேன்.

வாசலில் நின்றுகொண்டு, அறுபத்தொரு வயதுக்காரி என்னிடம், "அத்தை, நீ சாப்பிட்டியா?" என்றாள். நீ! பக்கத்துக் கடை மீன்காரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அப்பன் ஒருவனிடம் மட்டுமே நம் பேச்சைக் கற்றிருக்கிறாள். பிள்ளையிடம் அவன் பேசியதை இவள் அப்படியே ஊருக்குத் திருப்பிப் பேசுகிறாள். 'நீங்க' என்று ஒரு வார்த்தை இருப்பதைச் சொல்லித் தரக்கூட துப்பில்லை அவனுக்கு.

செப்டம்பர் 17

காரம் போட்டு ஊறவைத்த என் கிம்ச்சியைத் தண்ணீரில் அலசித் தின்கிறாள். சொல்ல ஒன்றுமில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

வேலை முடிந்து வந்தவள் கூப்பிடாமலே கடையில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். ஒரு பல்லுக்கு ஒரு யுகம்.

"அப்பா உன்னைப் பத்திப் பேசவே மாட்டார் அத்தை. உன் பேரை எடுத்தா எழுந்து போயிடுவார்."

எழுந்து போவானாம். செய்த காரியத்துக்குத் திமிர் வேறு. "பூண்டைப் பார்த்து உரி" என்றேன்.

செப்டம்பர் 28, வியாழன்

நாளை சூசொக், அறுவடைப் பண்டிகை. வழக்கம்போல அண்ணன் வீட்டுப் படையலுக்கு நானே பொரிக்கிறேன். மீன், பூசணி, காளான், மலைபோல. அண்ணிக்கு முழங்கால் வலி. போன வாரம் மலையுச்சியில் நின்று எடுத்த படத்தை அவளேதான் எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள்.

நாரே நாளை எல்லாரையும் முதல்முறையாகப் பார்க்கப் போகிறாள். புதுச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். பார்க்கத் தகுந்த கூட்டம்தான்!

செப்டம்பர் 29, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவிடவேண்டும்.

படையல் வைத்து ஆண்கள் விழுந்து கும்பிட்டார்கள். முடிந்ததும் நாரே அம்மா படத்துக்கு முன்னால் வந்தாள். "நானும் பாட்டியைக் கும்பிடுறேன்."

அண்ணன் கையை நீட்டி மறித்தார். "பெத்த தாய் சாவுக்கு வராதவன் மகளுக்கு இங்க என்ன கும்பிடு?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றேன்.

அவள் அழவில்லை. "பெரியப்பா, நீ பொய் சொல்ற."

நாரே விரல்விட்டு மாதங்களை எண்ணினாள்.

"பாட்டி செத்தது ஜனவரியில. நீ அப்பாவுக்கு ஃபோன் பண்ணினது மார்ச்ல. எல்லாம் முடிஞ்சுபோச்சு, நீ வரவே வேணாம், உன் அக்காவும் அதையேதான் சொல்றான்னு சொன்ன. எனக்கு அப்ப ஏழு வயசு. அப்பா சமையலறைத் தரையில அப்படியே உட்கார்ந்துட்டார். தொங்கிட்டிருந்த ரிசீவரை நான்தான் எடுத்து வச்சேன்."

நானா? நான் சொன்னேனா?

சவப்பெட்டி பக்கத்தில் நின்று அண்ணன் என்னிடம் சொன்னது வேறு — 'கூப்பிட்டேன், அவனுக்கு வேலை இருக்காம், வரமுடியாதாம்.' பதினெட்டு வருஷம் அதை நம்பித் தம்பியைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன்.

"அண்ணா, இவ சொல்றது நிஜமா?"

"பண்டிகை நாள்ல இதெல்லாம் எதுக்கு..."

"நிஜமான்னு கேட்டேன்."

"சொல்லியிருந்தா அந்த வெள்ளைக்காரியைக் கொண்டாந்து ஊர்ப் பெரியவங்க முன்னாடி நிறுத்தியிருப்பான். குடும்ப மானம் என்ன ஆகிறது? எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன்."

யோசித்துச் செய்தானாம். யோசித்து! மூத்தவன், குடும்பத்துக்குத் தலை. தலைக்குள் இருப்பது களிமண். ஊர்க்காரன் நாலு பேர் என்ன நினைப்பான் என்று பெற்ற தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் சுவர் வைத்திருக்கிறான். அதற்கு என் பெயரைச் செங்கல்லாக வைத்திருக்கிறான்.

அண்ணி இடையில் வந்தாள். "அடுப்புல ஏதோ கருகுது, போய்ப் பாரேன்."

"கருகட்டும். மலையேறுற முழங்காலு அடுப்படிக்கு நடக்காதா? நீங்களே போய்த் திருப்பிப் போடுங்க."

ஏப்ரனைக் கழற்றிப் படையல் மேஜைமேலேயே வைத்தேன். நாரேயின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் கை சில்லென்று இருந்தது.

செப்டம்பர் 30, சனி

அம்மா சமாதிக்குப் போனோம். நாரே புல்லில் விழுந்து கும்பிட்டாள். முழங்கை ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம். தவளை மாதிரி. திருத்த வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். அம்மாவுக்குப் புரியும்.

பிறகு என்னைக் கேட்காமலே ஃபோனில் அவள் அப்பன் எண்ணைப் போட்டு என் காதில் வைத்துவிட்டாள்.

"டேய், நான் அப்படிச் சொல்லலடா. நீ வேலையைச் சாக்குச் சொன்னேன்னு என்கிட்ட சொன்னான்டா அவன்."

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம். ஐம்பத்தேழு வயதில், கைக்குட்டை இல்லாதவன் மாதிரி.

அக்டோபர் 4

அண்ணன் என்கிறவன் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

அக்டோபர் 5

மறுபடியும். எடுக்கவில்லை.

நவம்பர் 11, சனி

நாரேக்கு இரண்டு தெரு தள்ளி அறை கிடைத்துவிட்டது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சைக்கிளின் பின்சக்கரத்தை நான் பிடித்து ஏற்றவேண்டியதாயிற்று. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். இதைப் போய் 'அழகா இருக்கு' என்கிறாள். ரசனையில் அப்பனைக் கொண்டிருக்கிறாள்.

டிசம்பர் 24

தம்பியும் அவன் பெண்டாட்டியும் டிக்கெட் எடுத்துவிட்டார்களாம். பிப்ரவரியில் வரும் நம் புதுவருஷப் பண்டிகைக்கு. இரண்டு பேரும்.

பிப்ரவரி 10, சனி

இன்ச்சான் விமான நிலையம். கதவு திறந்து திறந்து மூடியது. யார் யாரோ வந்தார்கள். முதலில் நான் கவனித்தது அவளைத்தான் — உயரமான, நரைத்த பெண். அவள் பெயரை ரயிலில் வழிநெடுக முணுமுணுத்துப் பழகியிருந்தேன். கிர்ஸ்டன். அப்படியும் கிச்சன் என்றுதான் வந்தது. அவள் சிரித்துவிட்டு இடுப்பு ஒடிகிற அளவுக்குக் குனிந்தாள். இவ்வளவு வேண்டியதில்லை.

அவள் பின்னால் ஒரு வழுக்கைத் தலை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது. பிப்ரவரிக் குளிரில் மெல்லிய மழைக்கோட்டு. நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னக்கா, இப்படிக் குட்டையாயிட்ட?"

இத்தனை வருஷம் கழித்து வந்து பேசுகிற பேச்சா இது? முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். வைத்த கையை எடுக்க முடியவில்லை.