பூசைத் தோட்டா

ஐப்பசி 3, திங்கள்.

காட்டுப்பன்றி வாழையை அழிக்கிறது. உரிமம் கிடைத்ததும், முக்கூடலில் ஓர் அண்ணாச்சி விற்கும் பழைய துப்பாக்கியைப் பார்க்கப் போனேன். மகளும் கூட வந்தாள்.

மேலும் கீழுமாக இரண்டு குழல்; மேல்குழலுக்குப் பின்விசை, கீழ்க்குழலுக்கு முன்விசை. ஆயுதபூசைச் சந்தனம்கூட உதிரவில்லை.

“காலிதான் வே, அமுக்கிப் பாரும்,” என்றார்.

பெரிய மனுஷர் சொன்ன பிறகு திறந்து பார்ப்பது மரியாதையில்லை என்று, முற்றத்துப் பக்கம் நீட்டிப் பின்விசையை அழுத்தினேன். டிக். விரல் முன்விசைக்குப் போனது.

உள்ளேயிருந்து அவர் மனைவி கத்தினார்: “ஏங்க, பூசையில வெறுங்குழலா வைக்கக் கூடாதுன்னு கீழ்க்குழல்ல ஒரு தோட்டா போட்டியளே, எடுத்தாச்சா?”

முற்றத்தில் என் மகள் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

வாங்காமல் வந்துவிட்டேன். மனைவியிடம், “துப்பாக்கி சரியில்ல,” என்று மட்டும் சொன்னேன்.

மகள் வழக்கம்போல என் ஆள்காட்டி விரலைப் பிடித்தபடிதான் தூங்கினாள். அவள் பிடி தளர்ந்த பிறகும் அந்த விரலை நான் உருவிக்கொள்ளவில்லை.