மந்திரித்த போன்

2025 பெப்ரவரி 20, வியாழன்

அழகுக்கலை வகுப்புக்கு இன்றோடு முழுக்கு. அடுத்தவள் புருவத்தைப் பிடுங்குவதற்காக மடுல்சீமையிலிருந்து பதுளை வரைக்கும் பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டுமா? இதற்கு முன் உடுப்புக் கடை. வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள், சிரிப்பு வரவில்லை. அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு. அங்கே பாதியில் போனது நான் மட்டுமில்லை, பொருளியல் வாத்தியாரும்தான். அவர் போனால் இடமாற்றம். நான் போனால் படிப்பைக் கெடுத்துக்கொண்டவள்.

அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்:

"நீ எதையுமே முடிக்க மாட்ட. ஒனக்குக் கல்யாணத்தையாவது நான் முடிச்சு வைக்கிறேன்."

சிரித்தேன். கடையில் வராத சிரிப்பு.

பெப்ரவரி 23, ஞாயிறு

அம்மா சும்மா சொல்லவில்லை. மத்தியானமே பசறையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை பெயர் றொமேஷ், பண்டாரவளையில் ஒரு பேக்கரியில் வேலை. கூட அவருடைய அம்மாவும், அவரே சுட்ட பணிஸ் ஒரு பெரிய பையும். வந்ததிலிருந்து போகும் வரை மாப்பிள்ளை பேசியது ஒரே வசனம்: "கேமரா நல்லாருக்கும்." அதுவும் போனைப் பற்றி.

ஆமாம், போன். எங்கள் பக்கத்தில் இப்போது சேலை, மோதிரமெல்லாம் பிறகுதான். பேச்சு சரிவந்தால் முதலில் பொண்ணுக்குப் போன். கையில் வாங்கிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நான் வாங்கவில்லை. அம்மா இரண்டு கையாலும் வாங்கி, பளபளவென்ற பிளாஸ்டிக் உறையோடு அலுமாரி மேல் அந்தோனியார் சிலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. வாய் நிறையப் பணிஸ்.

பெப்ரவரி 24, திங்கள்

பணிஸ் நன்றாகத்தான் இருந்தது. அதற்காக?

மார்ச் 2, ஞாயிறு

பூசை முடிந்ததும் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஃபாதரிடம் போனாள். இங்கே புதுசாக எது வந்தாலும் மந்திரிக்காமல் தொடுவதில்லை. ஆட்டோ, தையல் மெஷின், ரைஸ் குக்கர் எல்லாம் வரிசையில் நின்று தீர்த்தம் வாங்கியிருக்கின்றன. ஃபாதர் பெட்டிக்கு மேல் கையை நீட்டினார். அம்மா தடுத்தாள்.

"பிளாஸ்டிக் மேல தெளிச்சா உள்ளுக்கு எப்படி ஃபாதர் போகும்?"

பெட்டியோடு மந்திரித்தாலும் செல்லும் என்று ஃபாதர் எவ்வளவோ சொன்னார். அம்மா கேட்கவில்லை. கோயில் தோட்டத்தில் கிடந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்து, தேயிலைச் செடிக்குக் கொடுக்கிற அதே வெட்டு. உறை இரண்டாகப் பிளந்தது. போனை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஃபாதர் ரெண்டு சொட்டுத்தான் தெளித்தார். "நல்லா தெளிங்க ஃபாதர்" என்றாள். அவர் நல்ல மனுசர், நன்றாகவே தெளித்தார்.

வருகிற புதன் தவக்காலம் தொடங்குகிறது. அது முடிந்து பாஸ்காத் திருநாளும் கழிந்த அடுத்த ஞாயிறு முதல் ஓலை என்றார்கள். பீடத்திலிருந்து என் பெயரையும் பேக்கரிக்காரர் பெயரையும் சேர்த்து வாசித்து, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பார்கள். ஊரைத்தான் கேட்பார்கள்!

மார்ச் 3, திங்கள்

சொல்லிட்டேன். வேணாம்னு சொல்லிட்டேன்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். அடுப்பை ஊதிக்கிட்டே கேட்டா: "அந்தப் பையங்கிட்ட என்னடி கொற?"

குடிக்கிறாரா? இல்ல. கடன்காரரா? இல்ல. வேற பொண்ணு? அதுவும் இல்ல. நான் என்னத்தச் சொல்ல? குறை ஒன்னும் இல்ல, எனக்கு வேணாம், அவ்வளவுதான் — இதைச் சொன்னா இந்த லயத்து வீடுகள்ல எவளுக்கு விளங்கும்? எனக்கு இன்னும் ஒன்னுமே தொடங்கல. தொடங்காததை எப்படி முடிக்கிறது?

அழுதேன். எழுதிவிட்டேன், போதும்.

மார்ச் 10, திங்கள்

அம்மாவோடு சண்டை பிடித்து நானே பசறைக்குப் போனேன். போனை றொமேஷின் அம்மா முன்னால் வைத்தேன். கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

மந்திரித்த பொருளைத் திருப்பி வாங்கினால் குடும்பத்துக்கு ஆகாதாம். சாமி சாட்சியாகப் போனதை வாங்க அவர் தயாரில்லையாம். காசாக வந்தால் வேறு கதை, காசை யாரும் மந்திரிக்கவில்லை. கடைசியில் தீர்ப்பு சொன்னார்:

"கடக்காரன் அதைத் திருப்பி எடுத்தா, நாங்களும் எங்க சொல்லைத் திருப்பி எடுத்துக்கிறோம். இல்லாட்டி ஓலைதான்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே சம்மதித்தாள். எந்தக் கடைக்காரன் எடுக்கப்போகிறான் என்ற தைரியம்.

ஆக, என் வாழ்க்கை இப்போது ஒரு போன் கடையின் கையில்.

மார்ச் 15, சனி

கடை பதுளை பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே. முதலாளி ஸலீமை எல்லாரும் அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நோன்பு பிடித்து வாடிய முகம். எனக்குத் தவக்காலம், காலையிலிருந்து ஒரு பிளேன் டீ. இரண்டு பட்டினியும் கவுண்டரில் நேருக்கு நேர்.

போன் வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பில் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு பில்லின் அடியிலும் அச்சடித்திருந்த வரியைக் காட்டினார். விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது.

"நீங்க அச்சடிச்சா அது சட்டமா நானா? அப்ப என் கல்யாணக் கார்டையும் நீங்களே அடிச்சிருங்க."

அவருக்கு விளங்கவில்லை. உறை வெட்டுப்பட்ட பெட்டியைத் திறந்தார். சிம் போடுகிற தட்டை இழுத்து உள்ளே டோர்ச் அடித்தார். அங்கே ஒரு குட்டி ஸ்டிக்கர் இருக்கிறதாம், தண்ணீர் பட்டால் சிவக்குமாம். சிவந்திருந்தது. ஃபாதர் நல்ல மனுசர் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

"உள்ளுக்குத் தண்ணி போயீக்கு மகள்."

"அது கோயில் தண்ணி நானா. மந்திரிச்சது."

"அல்லாஹ் படைச்ச தண்ணி எல்லாம் நல்ல தண்ணிதான். ஆனா போனுக்கு அது தெரியாதே."

பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஏறிய பிறகு அவருக்குச் சொல்ல நாலு பதில் வந்தது.

மார்ச் 18, செவ்வாய்

கடையில் ஏமாந்தவர்கள் கொடுக்கிற பாவனையாளர் முறைப்பாடு என்று ஒன்று இருப்பதாக பஸ்ஸில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு பதுளைக் கச்சேரியில் அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். சண்டைக்குத் தயாராகப் போன எனக்கு அங்கிருந்த மிஸ் உட்காரக் கதிரை கொடுத்தார். அதிலேயே பாதி வேகம் போய்விட்டது.

"போன்ல என்ன பிழை?"

"பிழை ஒன்னும் இல்ல மிஸ்."

"அப்ப?"

"வேணாம்."

"வேணாம்கிறது முறைப்பாடு இல்லையே தங்கச்சி."

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். பொருளில் பிழை இருந்தால் பில்லின் அடியில் அடித்திருக்கிற வரியைக் காட்டி எந்தக் கடைக்காரரும் தப்ப முடியாது, அப்போது வாருங்கள். மனம் மாறியது பிழையில் சேராது, அதற்குக் கடைக்காரர் மனம் வைத்தால்தான் உண்டு. இன்னொன்று, பில் யார் பெயரில்? வாங்கியவர்தான் பேச வேண்டும்.

வாங்கியவர் மாப்பிள்ளை என்றேன். மிஸ் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். சிரிப்பை அடக்கிய மாதிரி இருந்தது.

அம்மா அடுப்படியில் கேட்டதும் அரசாங்கம் மேசையில் கேட்டதும் ஒரே கேள்வி. குறை என்ன? குறை இருந்தால்தான் வேண்டாம் என்று சொல்லலாம். போனுக்கும் அதுதான் சட்டம், மனுசனுக்கும் அதுதான்.

மார்ச் 19, புதன்

போனுக்கு ஏதாவது குறை உண்டாக்கலாமா என்று யோசித்தேன். பாவம், அது என்ன செய்தது?

ஏப்ரல் 5, சனி

இரண்டு கிழமை வீம்பு பிடித்துப் பார்த்தேன். வேறு வழி தெரியவில்லை. தண்ணித் தாங்கி மேட்டில் ஏறினால்தான் சிக்னல். அங்கே நின்று, அந்தப் போனிலிருந்தே றொமேஷுக்குக் கோல் எடுத்தேன். சிம் அம்மாவுடையது, நம்பர் அவரே பெட்டி மேல் எழுதிக் கொடுத்தது. நான் முதல்தடவை எடுக்கிறேன் என்று சந்தோசமாகத்தான் ஹலோ சொன்னார். நான் சுற்றி வளைக்கவில்லை. உங்களைக் கட்ட எனக்கு இஷ்டமில்லை, பில் உங்கள் பெயரில் இருக்கிறது, கடைக்கு வரவேண்டும் என்றேன்.

சிக்னல் போய்விட்டதோ என்று இன்னும் கொஞ்சம் மேலே ஏறினேன்.

"வார சனிக்கிழம அர நாள் லீவு போடுறேன்" என்றார்.

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன குறை கண்டுபிடிப்பது? எரிச்சலாக வந்தது.

ஏப்ரல் 12, சனி

எல்லாம் ஒரே நாளில் நடந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

புது வருசக் கூட்டம். சம்பளம் போட்ட கையோடு தோட்டத்துச் சனம் முழுக்கப் பதுளையில். றொமேஷ் கடை வாசலில் நின்றார், தலைமுடியில் கோதுமை மா. உள்ளே போகுமுன் கேட்டார்.

"எங்கிட்ட என்ன கொறன்னு மட்டும் சொல்லுங்க. திருத்திக்கிறேன்."

"ஒன்னும் இல்லங்க. உண்மையா."

"அப்ப ஏன்?"

"கொற இல்லாட்டி வேணாம்னு சொல்லக்கூடாதா?"

அவர் முடியில் இருந்த மாவைத் தட்டிவிட்டார். பிறகு எனக்கு முன்னால் உள்ளே போய், பில்லைக் கவுண்டரில் வைத்து, "நானா, இதைத் திருப்பி எடுங்க, அவங்களுக்கு வேணாமாம்" என்றார். என்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

நானா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு விளங்காத கல்யாணக் கார்டு இன்றைக்கு விளங்கியிருக்க வேண்டும். பெருநாள் முடிந்து முகமும் தெளிந்திருந்தது. ஆனாலும் வியாபாரி. சீல் உடைந்து தண்ணீர் பட்ட போனைப் புதுசு என்று விற்க அவரால் முடியாது, பொய் சொல்லி விற்கவும் மாட்டார். "இவ்வளவு பேசுறீங்களே, நீங்களே நின்டு வித்துத் தாங்க. உண்மையச் சொல்லி வித்தா, வார காசு இவருக்கு" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். நான் கவுண்டருக்குப் பின்னால் போய்விட்டேன்.

வந்தவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொன்னேன். சீல் உடைத்தது, தண்ணீர் பட்டது, ஒரே ஒரு கோல் எடுத்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கொஸ்லந்தவிலிருந்து ஓர் அம்மா, கழுத்தில் செபமாலை. மகன் கட்டாருக்குப் போகிறானாம்.

"தண்ணி எப்படிப் பட்டுச்சு?"

"கோயில்ல மந்திரிச்சாங்க. தீர்த்தம்."

அந்த அம்மா போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஃபாதரே தெளிச்சாரா?"

"நல்லாவே தெளிச்சார்."

பக்கத்தில் அதே போன் சீலோடு புதுசாக இருக்கிறது, அதையும் பாருங்கள் என்றும் சொன்னேன். அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விலையும் குறைக்கச் சொல்லவில்லை. முழு விலை.

நானா காசை எண்ணி றொமேஷிடம் கொடுத்துவிட்டு, நெடுநேரம் அந்த அம்மா போன திசையையே பார்த்தார். பிறகு மெதுவாக என்னிடம்:

"மகள், அந்த ஃபாதர் மொத்தமா ஒரு பெட்டி மந்திரிச்சுத் தருவாரா?"

சும்மா கேட்டதாகச் சொன்னார். முகம் அப்படிச் சொல்லவில்லை.

றொமேஷ் காசைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பண்டாரவளை பஸ்ஸில் ஏறினார். கையாட்டலாமா என்று யோசிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஓலை வாசித்தார்கள். வேறு யாரோ. அம்மா பூசை முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை. நான் மட்டும் மற்ற நாளைவிடச் சத்தமாகப் பாடினேன்.

மே 5, திங்கள்

நானா கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சிரிக்கச் சொல்லவில்லை.

மே 26, திங்கள்

வேலையை இன்னும் விடவில்லை. அம்மாவுக்கே பயமாக இருக்கிறது. உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டாள்.

ஜூலை 12, சனி

இன்றைக்கு றொமேஷ் கடைக்கு வந்தார். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார், திரும்பிப் போய்விடுவாரோ என்று நினைத்தேன். வந்தார். பேக்கரி வாசம். மறுபடி ஒரு பொண்ணுக்குப் போன் வாங்க வந்திருக்கிறார், பொண்ணுக்கு ஊர் கொஸ்லந்தவாம்.

"இந்தத் தடவ நானே நேரா கேட்டுட்டேன். சரின்னு சொன்னாங்க."

"நல்லதுங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

கேமரா நல்ல போனாக எடுத்துக் கொடுத்தேன். சீல் இருக்கிறதா என்று இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். நான் பில் எழுதினேன். கிழிப்பதற்கு முன், அடியில் அச்சடித்திருந்த, திருப்பி எடுக்கப்படமாட்டாது என்ற அந்த வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் கடை முத்திரையும் குத்தினேன்.

அவர் அதைப் பார்த்தார். "அதுதான் சரின்னுட்டாங்களே. இது எதுக்கு?"

"இருக்கட்டும். பில்லை அவங்க கையில குடுங்க."

நானா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணாடி அலுமாரியில் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.