தொடர்பு எண் இல்லாத கடை

ஜனவரி 9, 2025, வியாழன்

வெள்ளிமலையிலிருந்து, எங்களுக்குச் சரக்கு தரும் சின்னதுரை முதல் பேருந்தில் ஏற்றிவிட்ட இரண்டு மூட்டை சாமை காலையில் வந்து இறங்கியது. இந்த ஆண்டின் புது அறுவடை. ராதிகா அளந்து பொட்டலம் போட்டாள், நான் சீட்டு ஒட்டினேன். கோணலாகப் போனவற்றைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். அவள் பார்த்தாள், அடுத்த பொட்டலத்தை நீட்டினாள்.

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலை வீட்டின் முன்பகுதியில் என் மருமகள் ராதிகா இந்தக் கடையைத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மலைச்சாமை, தினை, தேன், புளி. நேரில் வருபவர்களைவிட இணையதளத்தைப் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்து கேட்பவர்கள்தான் அதிகம். ஒரு கையில் தராசும் ஒரு கையில் போனுமாக நிற்கிறாள். மதியம் சொன்னாள்:

"மாமா, இந்தக் கடை போன நீங்க வாங்கிக்கிறீங்களா? வெளியூர்க்காரங்ககிட்ட நீங்க பேசுங்க. அப்படியே வெப்சைட்டையும் பாருங்க. ஒருதபா வாங்கறாங்க, மறுதபா வரமாட்டேங்கறாங்க. இன்னான்னு புரியல."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? முன்பின் தெரியாதவரிடம் போனில் பேசுவதென்றால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். புள்ளியியல் துறையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போயிருக்கிறேன். அப்போதும் கேள்வி கேட்டது கிராம உதவியாளர்தான். நான் எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 11, சனி

போன் நான்கு முறை அடித்தது. ஒரு முறை எடுத்தேன். தவறான எண்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். மகன் இளஞ்செழியன் வேலை பார்க்கும் ஓசூரிலிருந்து வந்திருக்கிறான். சாப்பிட்டு எழுந்த பிறகு பேச்சை ஆரம்பித்தான்.

"மே மாசம் வரைக்கும் பாரு ராதிகா. நிக்கலன்னா மூடிடு. நம்ம பாப்பாவ ஜூன்ல ஓசூர் ஸ்கூல்லயே சேத்துடலாம்."

"மூடறதுன்னு முடிவு பண்ணிக்கினுதான் பஸ் ஏறினீங்களா?"

"நாலு வருஷமா மெஸ்ஸுல தின்னுக்கினு கிடக்கறேன். எனக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கூடியது. தன் கையால் உண்டாக்கிய கடை. அதை விட்டுவிட்டு ஓசூரில் ஒற்றை அறை வீட்டில் அவள் என்ன செய்வாள்?

நான் எங்கே இருப்பேன் என்பதை இருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இணையதளத்தை ஒரு வாடிக்கையாளரைப் போல முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. முகப்பில் உள்ள அருவிப் படம் அவ்வளவு பெரியது. திறந்த பிறகு விலையைக் காணோம். அதற்கு முன்னால் கல்வராயன் மலையின் உயரம், மழையளவு, மண்வகை, காட்டுமரங்கள் என்று ஒரு கட்டுரை. எழுதியது நான்தான். போன ஆண்டு ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். யாராவது கடைசிவரை படித்திருப்பார்களா?

இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். மனம் வரவில்லை, இருந்தாலும் நீக்கினேன். விலையை மேலே கொண்டுவந்தேன். அருவியை எடுத்துவிட்டுச் சாமையின் படத்தைப் போட்டேன். சமைக்கும் முறையையும் சேர்த்தேன். ஒரு டம்ளர் சாமைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், போன ஆண்டுச் சீட்டில் இருந்தபடியே.

ஜனவரி 22, புதன்

'தொடர்புக்கு' என்ற பகுதியிலிருந்து தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு படிவம். நிரப்பி அனுப்பினால் நான் நிதானமாகப் படித்து எழுத்தில் பதில் தரலாம். புதிய ஒட்டுச்சீட்டிலும் எண் இல்லை, இணையதள முகவரி மட்டும்.

இதையெல்லாம் ஏற்றித் தருபவர் துருகம் சாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பழனி. படிவத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயா, சாமை வாங்கறவன்கிட்ட அப்பா பேரு எதுக்குங்க?"

"ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்?"

"இருந்தா ரெண்டு பேருக்கும் சாமை குடுங்க. பொண்ணு குடுக்கறாப்புல இல்ல விசாரிக்கறீங்க!"

சிரித்தார். ஆனாலும் நான் கேட்டபடியே ஏற்றிக் கொடுத்தார். ராதிகாவிடம் படிவத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். கூரியர் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நீங்க செஞ்சா சரியாதான் இருக்கும் மாமா" என்றாள்.

ஒழுங்கு கருதி என்று அவளிடம் சொன்னேன். இந்த நாட்குறிப்பில் அப்படி எழுத முடியவில்லை. பயம்.

பிப்ரவரி 5, புதன்

பக்கம் இப்போது சட்டென்று திறக்கிறது. பார்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று பழனி கணக்குக் காட்டினார். ஆர்டர் கூடவில்லை. பழைய வாடிக்கையாளர் ஒருசிலர் மட்டும் ராதிகாவின் சொந்த எண்ணைக் கூப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இதுவரை வந்த படிவங்கள் இரண்டு. ஒன்றில் பெயர் என்ற இடத்தில் 'சாமை இருக்கா' என்று எழுதியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் காலி. யாருக்குப் பதில் எழுதுவது?

மார்ச் 3, திங்கள்

ராதிகா சின்னதுரையிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "அடுத்த லோடு வேணாம்ணே. இருக்கறதே அப்படியே கிடக்குது. … இல்லண்ணே, சாமை மேல குத்தம் சொல்லல. ஜனங்களுக்குப் பிடிக்கல போலக்குது."

பேசி முடித்து வழக்கம்போலத் தராசைத் துடைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம்.

நான் எண்ணை எடுத்ததுதான் காரணமோ — இல்லை, வேறு ஏதாவதா — ஐயோ, நான் இன்னா பண்ணி வெச்சிருக்கேன்? ஒன்றும் தெரியாமல் காரணம் சொல்லக்கூடாது. வாங்கியவர்களைக் கேட்டால்தான் தெரியும். கேட்பதென்றால் கூப்பிட வேண்டும். பழைய கூரியர் ரசீதுகளில் எண்கள் இருக்கின்றன.

மார்ச் 4, செவ்வாய்

கூப்பிடவில்லை. என்ன கேட்க வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

எழுதியதைத் திருத்தினேன். கூப்பிடவில்லை.

மார்ச் 7, வெள்ளி

கூப்பிட்டேன்.

பண்ருட்டி அம்சவள்ளி என்று ரசீதில் இருந்தது. ஜனவரி கடைசியில் சாமை வாங்கியவர். ராதிகா அஞ்சலகம் போயிருந்த நேரம். எடுத்தவுடன் எழுதி வைத்ததைப் படிக்க ஆரம்பித்தேன்: "வணக்கம். தாங்கள் எமது பொருளை மீண்டும் வாங்காமைக்கான காரணத்தை அறியும் பொருட்டு…"

"இன்னாங்க, கோர்ட்டுல இருந்து பேசறீங்களா?"

"இல்லைங்க, கள்ளக்குறிச்சி சாமைக் கடை."

"அட, நீங்கதானா! ஒங்கள எத்தினி நாளா தேடறேன். ஒங்க சாமைய ஆக்கி எங்க வூட்டுக்காரரு தட்டுல போட்டேன். சோறு கேட்டா பசை காய்ச்சி வெக்கறியே, எந்தச் செவுத்துல போஸ்டர் ஒட்டணும்னு கேக்கறாரு. நீங்க போட்ட அளவுதான், மூணு டம்ளரு. ரெண்டாவது தபாவும் அதே கதி. இன்னா ஏதுன்னு கேக்கலாம்னா நம்பரக் காணோம். அப்பா பேரு எழுதுன்னு ஒண்ணு வருது. எங்கப்பா போயி இருவது வருஷமாச்சு, அவரு பேரு ஒங்களுக்கு எதுக்குங்க?"

மன்னிக்க வேண்டும் என்றேன். மூன்று முறை சொன்னேனோ, நான்கு முறையோ.

"சரி வுடுங்க, பெரியவரு கொரலா இருக்குது. நல்ல சாமைன்னா நான் வாங்கமாட்டேனா? ஆக்கற பதத்தச் சொல்லுங்க, போதும்."

எனக்குத் தெரியாது, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன். போனை வைத்த பிறகுதான் கவனித்தேன். வாய் உலரவில்லை. திட்டு வாங்கும்போது பயப்பட நேரம் இருப்பதில்லை போலிருக்கிறது.

மார்ச் 8, சனி

மூன்று பாத்திரங்களில் மூன்று அளவுத் தண்ணீர் வைத்துச் சாமை ஆக்கினேன். மூன்று டம்ளர் வைத்தது அம்சவள்ளி சொன்னபடியே பசை. இரண்டரை, கொஞ்சம் குழைவு. இரண்டு, பொலபொலவென்று சோறு. ராதிகா அடுப்பங்கரைக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மாமா, கடையத்தான் மூடப்போறோமே, சரக்க நாமளே தின்னு தீத்துடலாம்னா?"

"மூன்று டம்ளர் என்று போட்டிருக்கிறோம். குழைகிறது."

"யாரு மூணுன்னு போட்டது? அது போன வருஷத்துப் பழைய சாமைக்குங்க மாமா. இது புதுசு, அவ்ளோ தண்ணி இழுக்காது. இங்க வந்து வாங்கறவங்களுக்கு நான் வாயாலயே சொல்லிடறேன்."

"போட்டது நான்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தொலைபேசி எண்ணை எடுத்ததையும் சொன்னேன். கேட்க நினைத்தவர்களுக்கு வழியே இல்லாமல் செய்ததையும், அது ஒழுங்குக்காக அல்ல என்பதையும்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"சாமை பிடிக்கலன்னுல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன். போன் எடுக்கப் பயம்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா?"

"உன்னிடம் சொல்லவும் பயம்தான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டும்தான் போலிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

பழனியிடம் போய்ப் படிவத்தை எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில் என் சொந்த எண். அதன் கீழே 'சமைக்கும்போது சந்தேகம் வந்தாலும் கூப்பிடலாம்' என்று ஒரு வரி. அளவையும் திருத்தினோம்: புதுச் சாமைக்கு இரண்டு, பழையதற்கு மூன்று.

"அப்பா பேரு வேணாங்களா ஐயா?" என்று கேட்டார். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அம்சவள்ளியைக் கூப்பிட்டு அளவைச் சொன்னேன். ரசீதில் இருந்த மற்றவர்களையும் கூப்பிட ஆரம்பித்திருக்கிறேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. ஒருவர் கடன் வசூலிக்கிறவன் என்று நினைத்துத் திட்டினார்.

ஏப்ரல் 2, புதன்

அம்சவள்ளி மறுபடி வாங்கினார், அவர் நாத்தனாருக்கும் சேர்த்து. பொங்கலுக்கு ஆகுமா, கஞ்சிக்கு ஆகுமா, சர்க்கரை உள்ளவர் சாப்பிடலாமா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் மருத்துவரைக் கேளுங்கள் என்கிறேன். மற்றவற்றை ராதிகாவிடம் கேட்டுக்கொண்டு சொல்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இணையதளத்தில் பதிலோடு ஏற்றுகிறோம், நான்கைந்து வரிக்கு மேல் போகாமல்.

போன் அடித்தால் இன்னமும் மூன்றாவது மணிக்குத்தான் எடுக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

ராதிகா சின்னதுரையிடம் ஒரு மூட்டை கேட்டாள். ஒன்று போதுமா என்று அவர் கேட்டிருக்கிறார். போதும், பார்க்கலாம் என்றாளாம். கடை காலூன்றிவிட்டது என்று சொல்ல முடியாது. விழவில்லை, அவ்வளவுதான். இளஞ்செழியன் ஓசூரில் வீடு பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டான்.

மே 31, சனி

இளஞ்செழியன் வந்துவிட்டான். சாமான் ஏற்ற நாளைக்கு டெம்போ சொல்லியிருக்கிறான். ராதிகா எதையும் கட்டி வைக்கவில்லை. அவன் அதைப் பார்த்தான். இருவரும் என் எதிரில் சண்டை போடவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்திருக்கிறது. இளஞ்செழியன் எடுத்திருக்கிறான். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். அதற்குள்ளிருந்து அம்சவள்ளியின் குரல் கூடம் முழுவதும் கேட்டது: "நீ யாருப்பா? ஒனக்கு இன்னா தெரியும்? பெரியவருகிட்ட குடு."

வாங்கிப் பேசினேன். அவர் வீட்டு விசேஷத்துக்குச் சாமைப் பாயசம் வைக்கிறார்களாம், பந்திக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். ராதிகாவைக் கேட்டுச் சொன்னேன். வைத்த உடனே சேலத்திலிருந்து ஒருவர். பிறகு பழைய ஆள் ஒருவர், போன மாதம் வாங்கியதே வேண்டும் என்று. இளஞ்செழியன் பொட்டல மேசைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தெனமும் இப்படித்தானா?" என்று ராதிகாவைக் கேட்டான்.

"ஞாயித்துக்கிழம. இன்னைக்கு கம்மி."

"அப்பாவா பேசறாரு?"

"வேற யாரு?"

மதியம் வெளியே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தான். டெம்போ வரவில்லை. வராதது பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த முறை பயத்தால் அல்ல.

நாளை பள்ளி திறக்கிறது. பாப்பாவின் போன ஆண்டுச் சீருடை குட்டையாகிவிட்டது. ராதிகா மாலையில் உட்கார்ந்து பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீட்டித் தைத்தாள். இளஞ்செழியன் அதை வாங்கி இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினான். பிறகு தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினான்.