சூசைக்குப் பதிலாக நான் ஆடிய ஆட்டம்

என் பிரியமுள்ள மச்சான் சூசைக்கு,

நீ போய் இரண்டு வருஷம் முடியப்போகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு தபால் அட்டைகூடப் போடாதவன், இப்போது ஊரே படிக்கும்படி கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். உன்னிடம் தனியாகச் சொல்ல நேரம் இருந்தபோது சொல்லாமல் விட்டேன். இனி நாலு பேர் கேட்கத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. திகாம் பத்துவில் உங்கள் தோட்டத்து ரப்பர் மரங்களில் பாதியை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். லயத்து வீடுகளுக்குப் பின்னால் நீ பந்து உதைத்துப் பழகிய இடத்தில் உர மூட்டை அடுக்கும் கொட்டகை நிற்கிறது. நான் இன்னும் பெண்டாங்கில்தான் இருக்கிறேன், தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக. கரங்கானில் உன் மனைவி பிலோமினா நன்றாக இருக்கிறாள். உன் மகள் தெரேசா மூன்றாம் வகுப்பு. என்னைப் பார்த்தால் அவள் கேட்பது ஒன்றுதான்: "மாமா, நீங்களும் எங்கப்பாவும் ஒண்ணா பந்து ஆடினீங்களா?"

ஆடினோம் என்று சொல்கிறேன். அதற்கு மேல் அவளிடம் என்ன சொல்வது?

நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன், மச்சான். நம் இடைநிலைப்பள்ளிப் பந்துக் குழுவைப் பற்றி. சனிக்கிழமை ஆட்டம் என்றால் நம் சின்னப் பட்டணத்தில் கடைக்காரர்கள்கூடக் கதவைப் பாதி சாத்திவிட்டுத் திடலுக்கு வந்த காலத்தைப் பற்றி. தோட்டத்துப் பையன்களும் கம்பத்து மலாய்ப் பையன்களும் கடைத்தெருப் பையன்களும் ஒரே சட்டை போட்டு ஆடியதைப் பற்றி. பள்ளி விடுமுறைகளில் உட்கார்ந்து நாலு வருஷத்தில் முடித்தேன். கதாநாயகன் நீதான். பெயரை மட்டும் மாற்றியிருந்தேன்.

கடைசி அத்தியாயத்தில் மாவட்ட இறுதியாட்டம். அதில் நீ இடது ஓரத்தில் பந்தை வாங்கி, இரண்டு பேரைத் தாண்டி, வெற்றி கோலைப் போடுகிறாய். எழுதி முடித்துவிட்டு அழுதேன். நன்றாக எழுதிவிட்டேன் என்று அழுதேன்.

அப்படி ஒன்று நடக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அந்த ஆட்டத்தில் நீ ஆடவே இல்லை. நான் ஆடினேன்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் அந்த வருஷம் உன்னைப்போல இடது ஓரத்தில் ஓட ஆள் கிடையாது. மளிகைக் கடைக்காரர் மகனான நான் உனக்கு மாற்று ஆள். என்னைக் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி சிக்கு ரம்லியிடம் கேட்டதே நீதான். சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர். விளையாட்டுக்கு அவர்தான் பொறுப்பு. அந்த வருஷம் முழுக்க நான் பெஞ்சில் உட்கார்ந்து உன் ஓட்டத்தைப் பார்த்தேன். முதலில் கைதட்டினேன். பிறகு கைதட்டுவது குறைந்தது.

இறுதியாட்டத்துக்கு மாநிலக் குழுவுக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. மாநிலத்துக்கு ஆடினால் வேலை தேடி வரும் என்று எல்லாரும் சொன்ன காலம். உனக்குப் பால்மரம் வெட்டும் வேலையை விட்டு வெளியே வர அது ஒன்றுதான் வழி. எனக்கு அப்பாவின் கடை இருந்தது. ஆனாலும் அவர்கள் ஒரு தடவையாவது என்னைப் பார்க்க வேண்டும் என்று கிடந்து தவித்தேன்.

உறுதிபூசுதலுக்காகக் கோயிலிலிருந்து உன் ஞானஸ்நானச் சான்றிதழை எழுதி வாங்கி வந்தாயே, நினைவிருக்கிறதா? கேண்டீனுக்குப் பின்னால் வைத்து எனக்கு மட்டும் காட்டினாய். "பாரு லா, எங்கப்பா ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான் சர்க்கார்ல பேர் பதிய போயிருக்காரு. போன தேதியையே பொறந்த தேதின்னு எழுதிட்டாங்க. நான் உனக்கு அண்ணன்டா," என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்து, இறுதியாட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், பந்துகளை அறையில் வைக்கப் போனபோது சிக்கு ரம்லி தனியாக இருந்தார். நான் சொன்னேன். "சிக்கு, சூசைக்கு வயசு கூட. கோயில் பதிவுல வேற தேதி இருக்கு."

அவர் "நிஜமா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. அதைத்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயது வரம்பைத் தாண்டிய ஆளை வைத்து ஆடி, பிறகு தெரியவந்தால் பள்ளிக்கே அவமானம் என்றும் சொல்லிக்கொண்டேன். ஆனால் பள்ளியின் மானத்தை நினைத்தா நான் அன்று அந்த அறைக்குள் போனேன்?

மறுநாள் சிக்கு உன்னைக் கூப்பிட்டுப் பேசினார். யார் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. கோயில் பதிவில் வேறு தேதி இருக்கிறதாமே என்று கேட்டிருக்கிறார். நீ மறுக்கவில்லை. சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாய். நீ கொடுத்த பதினொன்றாம் எண் சட்டையைத்தான் எனக்குத் தந்தார்கள்.

நீ ஆட்டம் பார்க்க வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்தாய். இடைவேளையில் என் பக்கத்தில் வந்து குந்தினாய். அதுவரை நான் பந்தைத் தொட்டதே நாலு தடவை இருக்கும். "மச்சான், அந்த ரைட் பேக்கு இடது பக்கம் திரும்ப கஷ்டப்படுறான். ஓரமா ஓடாத. உள்ள வெட்டு," என்றாய். சொல்லிவிட்டு உன் தண்ணீர்ப் போத்தலை என் கையில் கொடுத்தாய்.

நான் உள்ளே வெட்டினேன். அவன் திரும்புவதற்குள் பந்து என் வலது காலுக்கு வந்துவிட்டது. கோல். ஒன்றுக்குப் பூஜ்யம். லாரியில் ஏற்றி ஊரைச் சுற்றினார்கள். என் அப்பா கடையில் வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் கொடுத்தார்.

மாநிலக் குழுவுக்கு என்னைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நீ அந்த வருஷக் கடைசியில் படிப்பை விட்டுவிட்டுப் பால்மரத்துக்குப் போனாய். கல்யாணமான பிறகு கரங்கானில் செம்பனைக் குலை அறுக்கப் போனாய். அங்கே பிடித்த காய்ச்சல் மூன்றே நாளில் உன்னைக் கொண்டுபோனது.

கையெழுத்துப் பிரதியை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பிலோமினாவிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். நான் திரும்பிப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம். தெரேசா வாசலில் கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தாள். பிலோமினா காகிதக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க அண்ணே. ஆனா அந்தக் கடைசி கோல் வேணாம். அவரு ஆடாத ஆட்டத்துல அவரு கோல் போட்டதா எதுக்கு எழுதணும்? அவரு நெசமா போட்ட கோல் எத்தனையோ இருக்கு."

சரி என்றேன். பிறகு அவள் இன்னொன்று கேட்டாள். நாவலில் கதாநாயகனின் வயது விஷயத்தைப் பள்ளிக்குச் சொல்லிக்கொடுப்பது தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணி. நான் கற்பனையாகச் சேர்த்த ஆள்.

"உபதேசியார் பேரை எழுத பயந்துக்கிட்டுத்தானே கிராணின்னு போட்டுட்டீங்க?"

"எந்த உபதேசியார்?" என்றேன்.

"சவரிமுத்து உபதேசியார்தான். ஞானஸ்நானப் புத்தகம் அவருகிட்டதானே இருந்துச்சு. வேற யாருக்குத் தெரியும்? அத்தை சாகுற வரைக்கும் அவரு இருக்கிற கோயிலுக்குப் போகல. எங்க கல்யாணத்துக்கும் அவரைக் கூப்பிடல."

மச்சான், இது எனக்குப் புதிது இல்லை. புதிது என்று சொன்னால் அது இன்னொரு பொய். நீ போவதற்கு முந்தின வருஷம் சுங்கை பட்டாணி பஸ் நிலையத்தில் தற்செயலாகப் பார்த்தோமே. தேநீர் குடித்தோம். பேச்சுவாக்கில் நீ சொன்னாய்: "உபதேசியார் மேல இருந்த கோவம் போயிடுச்சு மச்சான். மன்னிச்சிட்டேன். ஆனா மூஞ்சியப் பார்க்க முடியல லா."

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நான் தேநீரைக் குடித்து முடித்து, தெரேசாவுக்கு எத்தனை வயது என்று கேட்டேன்.

அந்தச் சான்றிதழை எனக்குக் காட்டியதை நீ மறந்துபோயிருந்தாயா? இல்லை, நினைவிருந்தும் உன் மனசு என் பக்கம் திரும்ப மறுத்துவிட்டதா? எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான் அன்று அந்தப் பேச்சையே எடுத்தாயா? இதற்கு எனக்கு இனிப் பதில் கிடைக்கப்போவதில்லை.

பிலோமினாவிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லி முடித்தபோது அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் போகவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் இருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. களைப்பாக இருந்தாள்.

"எங்கிட்ட சொன்னா முடிஞ்சு போச்சா? அவரும் இல்ல, அத்தையும் இல்ல. அந்தப் பெரியவரு இருக்காரு. திகாம் பத்துல மக வீட்டுல. அவருகிட்ட சொல்லுங்க. நானும் வரேன். நானும் அவருகிட்ட பேசாமத்தானே இருந்தேன்."

அடுத்த சனிக்கிழமை காலை இரண்டு பஸ் மாறிப் போனோம். சவரிமுத்து உபதேசியாருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. உன் மனைவியைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். அவள் ஓடிப்போய் உட்காரவைத்தாள்.

நான் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். பிறகு என்னிடம் அல்ல, பிலோமினாவிடம்தான் பேசினார்.

"அந்தப் புத்தகத்தை நான் யாருக்கும் தொறந்து காட்டினதில்லம்மா. கேட்டுட்டு வந்த சொந்தக்காரங்களுக்குக்கூட காட்டினதில்ல. சூசைக்கு ஞானஸ்நானத் தண்ணி ஊத்தும்போது பக்கத்துல நின்னவன் நான். ஒரு தடவ வந்து கேட்டிருக்கலாம் அவன். 'நீங்களா சொன்னீங்க'ன்னு கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

"தப்புதான் ஐயா," என்றாள் அவள்.

"கேட்காத கேள்விக்கு நானா போய் எப்படிம்மா பதில் சொல்றது?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க மன்னிப்புக் கேட்டீங்க. அது சாமி காரியம், நான் பார்த்துக்கறேன். ஆனா பொஸ்தகம் போடுறதா சொன்னீங்களே. நான் சொல்லலங்கிறது அதுல இருக்கட்டும். தோட்டத்து ஜனங்க இன்னும் என்னை அப்படித்தான் பார்க்கறாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிலோமினா சொன்னாள்: "தெரேசாவுக்கு நான் சொல்லமாட்டேன். அவ பெரியவளாகி அந்தப் புத்தகத்தை அவளே படிக்கட்டும். அதுக்கப்புறமும் உங்களை மாமான்னு கூப்பிடறதா வேணாமான்னு அவளே முடிவு பண்ணட்டும்." நியாயம்தான் என்று சொன்னேன். பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து கிராணியை எடுத்துவிட்டேன். மச்சான், எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு சமயம் உண்மையைச் சொல்லி உன்னைக் கெடுத்தேன். பிறகு கற்பனை என்ற பெயரில் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். இரண்டு தடவையும் நான் எனக்காகத்தான் வாயைத் திறந்தேன். மூன்று மாதம் உட்கார்ந்து கடைசி நாலு அத்தியாயங்களைத் திரும்ப எழுதினேன். இப்போது மாற்று ஆட்டக்காரன் தன் வாயாலேயே சொல்லிக்கொடுக்கிறான். அவனுக்கு என் பெயரையே வைத்துவிட்டேன். நீ இடைவேளையில் வந்து குந்தியதையும் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதும்போது அழுகை வரவில்லை. கை மட்டும் அடிக்கடி நின்றது.

அடுத்த மாதம் புத்தகம் வருகிறது. நம் பள்ளி மண்டபத்திலேயே வெளியீடு வைத்திருக்கிறேன். உபதேசியார் வருகிறேன் என்றார். அவரைக் கைபிடித்துக் கூட்டிவருவது தன் பொறுப்பு என்று பிலோமினா சொல்லிவிட்டாள். நம்மோடு ஆடியவர்களில் ஆறு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அன்று நான் படிக்கப்போவது கோல் போட்ட பக்கம் இல்லை, மச்சான். பந்து அறைக்குள் நான் நுழைந்த பக்கம். பாதியில் நிறுத்தமாட்டேன். உபதேசியார் சவரிமுத்து யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதை எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன். அதற்குப் பிறகு யாராவது எழுந்து போனால், போகட்டும். நான் அங்கேயே நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மச்சான்,
ராமலிங்கம்