பாதி நிறைந்த பைகள்

ஆராய்ச்சி நிலையம்,
ஆகஸ்ட் 2

அன்புள்ள மெக்கானிக் சாருக்கு,

நலம். மூக்கு மட்டும் மரத்துக் கிடக்கிறது.

இந்தத் துருவக் கடலில் நான் எண்ணும் பூச்சிகள், அதாவது இறால் இனத்துப் பொடி உயிர்கள், அரிசி அளவுதான். கோடை முழுக்கப் பாசி தின்று, உடம்புக்குள் ஒரு பையில் எண்ணெய் சேர்க்கின்றன. பை நிறைந்ததும் ஆழத்துக்கு இறங்கி, குளிர்காலம் முழுக்கத் தின்னாமல், அசையாமல், அந்த எண்ணெயிலேயே உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். இந்த வருடம் மேலே பாசி மண்டிக் கிடக்கும்போதே பாதிப் பையோடு பல இறங்கிவிட்டன. மூன்று முறை எண்ணிவிட்டேன். "எண்ணிக்கைல எங்கயோ கோட்டை விட்டுட்டீங்க" என்கிறார் தலைமை ஆய்வாளர். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

இன்னொன்று. குளிர்காலத்துக்கும் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். கடல் உறைவதற்கு முன் கடைசிப் படகு செப்டம்பர் பத்து. வரவா, இருக்கவா? "உன் இஷ்டம்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள்
பூச்சிக்காரி

வீடு,
ஆகஸ்ட் 20

அன்புள்ள பூச்சிக்காரிக்கு,

ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவனிடம் கடலைப் பற்றிக் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? இருந்தாலும் இரண்டு நாளாக அதே நினைப்பு. இன்னும் இரண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன், கை பழகிவிட்டது. உன் பங்கெல்லாம் டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் கிடக்கிறது. கதவு மூட மாட்டேன் என்கிறது.

சாப்பாடு இருக்கும்போதே ஒருவர் பாதியில் எழுந்து போனால், குறை சாப்பாட்டில் இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தப் பூச்சிகளைத் தின்கிற மீன் ஏதும் வந்ததா?

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நீ கிளம்பிய மாதத்தில் எத்தனை முறை தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். வேலைக்காகத்தான் போயிருக்கிறாய் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இப்போது எனக்கே குழப்பமாக இருக்கிறது.

கீழே இருக்கும் கிறுக்கலைப் பார்த்து எரிச்சல்படாதே. "வா" என்று எழுதி அடித்தேன். "இரு" என்று எழுதி அதையும் அடித்தேன்.

உன்
மெக்கானிக்

ஆராய்ச்சி நிலையம்,
செப்டம்பர் 9

அன்புள்ளவருக்கு,

மீன் வந்திருக்கிறது. பூச்சிகள் இறங்கிய வாரம் வலை நிறைய மீன். அது வேறு பதிவேட்டில் இருந்ததால் நான் பார்க்கவில்லை. "யார் சொன்னது?" என்றார் தலைமை ஆய்வாளர். "வீட்டுல ஒரு மெக்கானிக் இருக்கார்" என்றேன்.

தட்டு விஷயத்திலும் நீங்கள் நினைத்தது சரிதான். படித்ததும் அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

நாளைய படகில் இந்தக் கடிதம் மட்டும் வருகிறது. குளிர் விட்டதும் பூச்சிகள் மறுபடி மேலே வரும். எப்போது வரலாம் என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது என்பது இங்கே யாருக்கும் சரியாக விளங்கவில்லை. எனக்கும்தான்.

ஃப்ரீசரில் இருப்பதை எடுத்துச் சாப்பிட்டு முடியுங்கள். ஒரு டப்பா மட்டும் இருக்கட்டும்.

பூச்சிக்காரி