பழைய நட்சத்திரங்களின் சூடு

கல்மண்டபம்,
ஞாயிறு மதியம்

என் அருமை மகள் ஜானட்டுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. போனில் என்றால் நடுவில் தடுமாறிவிடுவேன், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நாலு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அம்மாவே "இன்னாய்யா ஆச்சு உனுக்கு, வூட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகினே கீறே" என்று கேட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நீ சொன்னது எனக்குப் புரிந்த மட்டும் இதுதான். தூசி நிறைந்த கேலக்ஸிகளில் புதிதாகப் பிறக்கும் நட்சத்திரங்களின் வெளிச்சத்தைத் தூசி விழுங்கிச் சூடாகிறது, அந்தச் சூடு அகச்சிவப்பு ஒளியாக வருவதை அளந்து வருஷத்துக்கு எத்தனை பிறக்கிறது என்று சொல்கிறீர்கள். ஆனால் பழைய நட்சத்திரங்களும் அந்தத் தூசியைச் சூடாக்குமாம், அதைக் கழிக்காமல் எல்லாமே புதுசு என்று உன் ஆராய்ச்சிக் குழுவின் பெரியவர்கள் கட்டுரை எழுதிவிட்டார்கள், கழித்தால் பாதிதான் தேறும், அதில் என் பெயரையும் போடச் சொல்கிறார்கள் என்று அழுதாய். நான் "பெரியவங்க சொன்னா போட்டுட்டுப் போம்மா, வேலை முக்கியம்" என்றேன்.

மறுநாளே திருவொற்றியூரில் ஒரு கம்பெனிக்குக் கரண்ட் பேனல்களில் சூடு பார்க்கப் போனேன். என் கேமராவும் அகச்சிவப்பில் பார்ப்பதுதானே. மூன்று கேபிள் முனைகளில் ஒன்று மட்டும் நூற்றுப் பத்து டிகிரி காட்டியது, அப்படியே விட்டால் தீப்பிடிக்கும். சூப்பர்வைசர் முப்பிடாதி "இப்ப லைன நிறுத்த முடியாதுண்ணே, எல்லாம் நல்லாருக்குன்னு எழுதிருங்க" என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்தப் பேனலுக்குப் பக்கத்திலேயே நின்று மிஷின் ஓட்டுகிற சௌக்கத் அலி எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "நீ பாத்துட்டேல்ல மாமு, இனிமே பயமில்லாம நிப்பேன்" என்றான். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

வியாழன் காலை ஷிப்ட் தொடங்குமுன் போய், நான் எழுதியது பொய் என்று மேனேஜரிடம் சொன்னேன். கரண்டை நிறுத்திக் கழற்றினால் அந்த முனையின் உறை கருகி என் விரலிலேயே உதிர்ந்தது. முப்பிடாதி முகம் கொடுக்கவில்லை, அங்கிருந்து இனிக் கூப்பிட மாட்டார்கள். சௌக்கத் அலி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்தே சொல்லிருக்கலாமே மாமு" என்றான்.

ஜானட், நான் சொன்னதை மறந்துவிடு. உன் பெயரைப் போடாதே. போட்டுவிட்டாயோ என்றுதான் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். போட்டிருந்தாலும் போய்ச் சொல்லலாம், வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இன்றைக்கே ஒரு வார்த்தை அனுப்பு.

உன் அப்பா,
சிலுவைமுத்து