ராணியின் அங்கி நிறம் மாறிய நாள்

செவ்வாய்க்கிழமை

இன்று எங்கள் ராஜபாளையம் ஆலைத் தறியில் பிரெஞ்சு ராணி பச்சை அங்கியோடு இறங்கிவிட்டாள். ராணியின் படம் உள்ள அந்தக் காலத்து அரண்மனைச் சுவர்த்திரை ஒன்றை அப்படியே பார்த்து நெய்கிறோம். அதில் அங்கி நீலம். நூலின் நிறம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. நீலம் என்று நான் கொடுத்ததைத்தான் தறி ஓட்டும் செல்வி மாட்டினாள்.

"யாரு மாத்துனது?" என்று மேனேஜர் கத்தினார். செல்வி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நூலை மாட்டியவள் அவள் என்பதால், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, ஒங்களுக்குக் கலர் சரியாத் தெரியலைன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். நீங்க தப்பா எடுத்ததை எல்லாம் நாந்தான் மாத்தி வச்சேன். இன்னைக்குக் கவனிக்காம விட்டுட்டேன். மொதல்ல டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்க."

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் இந்தக் கண்ணோடு எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் அவள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

காலையில் ஷிப்டுக்கு முன்னால் மேனேஜரிடம் போய் நிற்க வேண்டும். "நாந்தான் சார்." அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன்.